எலி செத்தால் தெள்ளு எங்கே போகும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைகளின் பின்சந்துகளில் எலித் தொல்லை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எலி சுமந்து திரியும், ரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தத் தெள்ளால் பட்ட குடும்பம் எங்களுடையது.

செந்தூலில் எங்கள் மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு இடையே எலி பெருகிவிட்டது. விஷம் வைத்தோம், எலிகள் செத்தன, தொல்லை விட்டது என்று இருந்தோம். சில நாளில் என் கணவருக்குக் கணுக்காலெல்லாம் கடி, ஓயாத அரிப்பு. பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டிங்கி என்றே நினைத்தோம். இரண்டு முறை ரத்தம் சோதித்தும் டிங்கி இல்லை. ஒரு கிளினிக்கில் கொடுத்த அமோக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரைக்கும் காய்ச்சல் அசையவில்லை. உடம்பில் சிவப்புத் தடிப்பு கண்டபோது, வேறொரு இளம் மருத்துவர்தான் "கடையில் எலி உண்டா?" என்று கேட்டார். டைபஸ் என்ற, தெள்ளால் பரவும் காய்ச்சல் (டைபாய்டு அல்ல) என்று சந்தேகித்து டாக்சிசைக்ளின் என்ற வேறொரு கிருமிக்கொல்லி கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அவர் சொல்லித்தான் தெரிந்தது: கிருமி தெள்ளின் எச்சத்தில் இருக்கிறது. கடித்த இடத்தை நாம் சொறியும்போது அந்த எச்சம் புண்ணில் தேய்ந்து உள்ளே போகிறது. காய்ந்த எச்சம் தூசியோடு மூச்சிலும் போகலாம். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டுவிட்டு அடுத்த சூடான உடம்பைத் தேடுகிறது. நாங்கள் விஷம் மட்டும் வைத்தோம். தெள்ளுகளை நாங்களே எங்கள் மேல் ஏவிவிட்டது போல் ஆயிற்று. எலிக்காகப் பூனை வளர்த்தாலும் போதாது, பூனைத் தெள்ளும் இந்தக் கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வீட்டுக் கொல்லைக்கு வரும் ஒப்போசம் என்ற விலங்கோடும் பூனையோடும் இது சுற்றுகிறதாம்.

இது நமக்குப் புது நோயும் இல்லை. 1900இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில், 1920களிலேயே பிளெட்சர், லெஸ்லர் என்ற ஆய்வாளர்கள் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். நகரத்தில் வருவது 'கடை டைபஸ்', புல் புதர்ப் பக்கம் வருவது 'புதர் டைபஸ்'. கடையின் பெயரையே வைத்த நோய் கடைக்காரர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எலியைக் கொல்லுமுன், அல்லது அதே நாளில், எலி வளையிலும் அது ஓடும் வழியிலும் தெள்ளுக்கான பூச்சிமருந்துத் தூளைப் போடச் சொல்லுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடக்கூடாது. அப்புறம், காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது எலி இருப்பதையும் கடி வாங்கியதையும் கேட்குமுன்னே சொல்லிவிட வேண்டும். இங்கே கடை திறந்ததும் பலர் முதலில் பிரிப்பது உங்கள் நாளிதழைத்தான். அடுத்த முறை எலிச் செய்தி போடும்போது தெள்ளையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் மனைவி,
செந்தூல், கோலாலம்பூர்