இன்ஷியலில் சிக்கும் உதவித்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். உதவித்தொகைச் செய்தியோ, கல்லூரி திறந்து பல வாரம் கழித்து ‘விண்ணப்பிக்க அழைப்பு’ என்று ஒற்றைப் பத்தியில் வருகிறது. அதற்குள் பாதிக் காரியம் கெட்டிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரானிக்ஸ் என்று சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், முதல் தலைமுறை மாணவர்களின் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் சரிபார்ப்பது எங்கள் வேலை. சாதி, வருமானம், மதிப்பெண் எல்லாம் சரியாக இருக்கும். பெயரும் வங்கிக் கணக்கும்தான் காலை வாரும்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கலைச்செல்வி மு’, ஆதாரில் ‘கலைச்செல்வி முருகேசன்’, பாஸ்புக்கில் ‘எம். கலைச்செல்வி’. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரும்பாடு. எனவே அதில் உள்ளபடி ஆதாரை மாற்றிவிட்டு, பிறகு அந்த ஆதாரைக் காட்டி வங்கியில் மாற்றுங்கள். வரிசை மாறினால் இரண்டு வேலை. ஆதாரில் பெயரை ஆயுளுக்கும் 2 முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே ஆதார் மையத்தில் தரும் ஒப்புகைச் சீட்டில் ஒவ்வோர் எழுத்தையும், புள்ளியையும், இடைவெளியையும் பார்த்த பிறகே எழுந்து வர வேண்டும். 15 வயது தாண்டியும் கைரேகை, கருவிழி, புகைப்படத்தைப் புதுப்பிக்காத பிள்ளைகள் அதையும் அப்போதே முடித்துவிடலாம். தேசிய உதவித்தொகை தளத்தில் ஒருமுறைப் பதிவுக்கு முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். ஆதாரில் சிறுவயதுப் படமே இருந்தால் அங்கேயே தடை விழும்.

அடுத்தது வங்கி. “கணக்கில் ஆதார் இணைத்தாச்சு சார்” என்பார்கள். கே.ஒய்.சி. எனும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வர என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் ஏற்றுவது வேறு. அந்தப் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே வங்கிதான் இருக்கும், அதுவும் கடைசியாக ஏற்றியது. முதலாம் ஆண்டில் கல்லூரி வளாகத்துக்கே வங்கிக்காரர்கள் வந்து கணக்குத் திறக்கிறார்கள். சிம் கார்டு கடையிலும் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறந்து தருகிறார்கள். படிவத்தில் சம்மதக் கட்டத்தில் டிக் அடித்திருந்தால் பட்டியல் அங்கே மாறிவிடும். மாணவர் பழைய பாஸ்புக்கில் வரவு வைத்துத் தரச் சொல்லிக் காத்திருப்பார்; பணம் அவர் மறந்தேபோன கணக்கில் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் ஓ.டி.பி. போட்டால் எந்த வங்கி, எந்தத் தேதியில் ஏறியது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். இதற்கு ஆதாரில் கைப்பேசி எண் இருக்க வேண்டும்.

கணக்கின் வகையும் முக்கியம். முழு ஆவணம் தராமல் திறந்த ‘சிறு கணக்கு’ என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்துக்குள், மாத எடுப்பு 10,000 ரூபாய்க்குள் என்ற வரம்புகள் உண்டு. தொகை பெரிதாக வந்தால், எடுக்கும்போது இந்த மாத வரம்பு இடிக்கும். கிளைக்குப் போய் முழு கே.ஒய்.சி. கொடுத்தால் தீர்ந்தது. 2 ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். அதையும் உயிர்ப்பிக்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின, கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரியின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிறது 2012ஆம் ஆண்டின் அரசாணை 92. பஸ் கட்டணம் இதில் வராது. சேரும் அன்றே அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஆதிதிராவிடருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய) உதவித்தொகைத் திட்டத்தில் இப்போது மத்திய, மாநிலப் பங்கு 60:40. மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது, அதிலிருந்து கட்டணத்தை அவர்தான் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். வந்த பணத்தை வீட்டு அவசரத்துக்கு எடுத்துவிட்டு ஹால் டிக்கெட் நேரத்தில் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எப்போது வரும், அதில் எவ்வளவு யாருடையது என்று கல்லூரி ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் பாதித் தவிப்பு குறையும். அதைச் செய்யாமல் சேர்க்கையின்போதே முழுக் கட்டணத்தையும் கறாராகக் கேட்கும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன.

முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. ‘சீட் உறுதி’ என்று யாரோ சொன்னதை நம்பி மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டினால் அது போயிற்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே. அதில் வருவோருக்குக் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசு ஏற்கிறது என்பதால் இழப்பு இன்னும் பெரிது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். நடுவில் ஓராண்டு அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் பொருந்தாது. இ-சேவையில் வருமானச் சான்றுக்கு ஆர்.இ.வி.-103, முதல் பட்டதாரிக்கு ஆர்.இ.வி.-104. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர நாளாகும். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு போட்டுவிட்டால் ஜூன் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை பலருக்குத் தெரிவதே இல்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் 2 பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இதே தொகையில் சக்ஷம் இருக்கிறது. பிரகதிக்கு முதலாம் ஆண்டில் விண்ணப்பிக்க வேண்டும், லேட்டரல் என்ட்ரி (நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை) என்றால் இரண்டாம் ஆண்டில். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் பிறகு நுழைய வழியில்லை. வேறு அரசு உதவித்தொகையோடு இதைச் சேர்த்து வாங்க முடியாது என்பதால், போஸ்ட் மெட்ரிக் பெறுவோர் இரண்டின் தொகையையும் கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

இன்னொன்று. பிரவுசிங் சென்டரில் ‘சப்மிட்’ அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பாதவரை விண்ணப்பம் நகராது. குறை கண்டு திருப்பினால் குறுஞ்செய்தி வரும், ஆனால் அவசரத்தில் சென்டர்காரர் தன் எண்ணையே போட்டிருந்தால் அது அவருடைய போனுக்குத்தான் போகும். கெடு முடிந்த பிறகு மாணவர் வந்து நிற்பார், நாங்களும் ஒன்றும் செய்ய முடியாது.

தங்கள் நாளிதழ் கலந்தாய்வு அட்டவணையோடு இந்த விவரங்களையும் மே மாதமே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட வேண்டும். பள்ளிகள் ப்ளஸ் டூ கடைசித் தேர்வு நாளன்று, ஹால் டிக்கெட்டோடு ஆதாரையும் பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொல்லி மூன்றிலும் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவருக்கு 5 நிமிடம் ஆகாது. கல்லூரிகள் உதவித்தொகைப் பொறுப்பாளரின் பெயரையும் அறை எண்ணையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரி உதவித்தொகைப் பிரிவு ஊழியர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.