பின்னட்டையின் வலது மூலை

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள ராமு,

கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்றதும் கமலாவுக்கு ஏக சந்தோஷம். நியூஜெர்சிக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது.

உங்கள் ஊர் நூலக விற்பனையில் இரண்டு டாலருக்கு வாங்கிய, ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1960 என்று போட்டிருக்கிறது, முதற்பதிப்புதானே என்கிறாய். அவசரப்படாதே. வெளிவந்த அந்த ஒரு வருஷத்திலேயே அது திரும்பத் திரும்ப அச்சானது. லிப்பின்காட் பதிப்பகம் முதலில் அடித்தது 5,000 பிரதிகள்தான். அவற்றில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம், அதாவது காப்பிரைட் பக்கத்தில், 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற சொற்கள் இருக்கும். நீ அனுப்பிய போட்டோவில் அந்தப் பக்கம் இல்லை.

அதைவிட முக்கியம், கெட்டி அட்டைமேல் சுற்றியிருக்கும் காகித மேலுறை. உள்மடிப்பில் 3.95 டாலர் என்ற விலை இருக்க வேண்டும். பின்பக்கம் ஹார்ப்பர் லீயின் படம், எடுத்தவர் எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி. மடிப்பில் விலையே இல்லை என்றால் அது சந்தாதாரர்களுக்குத் தபாலில் அனுப்பிய புத்தகக் கழகப் பிரதியாக இருக்கலாம். உறையைக் கழற்றி, பின்னட்டையின் கீழ் வலது மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார். சின்னதாக ஒரு வட்டமோ சதுரமோ குழியாக அழுந்தியிருந்தால் அநேகமாகக் கழகப் பிரதிதான். மை இல்லாத அழுத்தம் என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும்.

பிற்காலத்துப் புத்தகங்களில் காப்பிரைட் பக்கத்தில் ஓர் எண் வரிசை வரும். ஒவ்வொரு புது அச்சுக்கும் இருப்பதிலேயே சின்ன எண்ணை எடுத்துக்கொண்டே வருவார்கள், ஆகவே 1 இருந்தால் முதல் அச்சு. 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டரின் முதல் அச்சில் கெட்டி அட்டைப் பிரதிகள் 500தான். அவற்றில் 10 முதல் 1 வரை எல்லா எண்ணும் இருக்கும், 53ஆம் பக்கச் சாமான் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வந்திருக்கும். ஆனால் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் பல வருஷங்கள் வேறு கணக்கு வைத்திருந்தது. வரிசையில் இருப்பதிலேயே சின்ன எண் 2 ஆக இருந்து, கூடவே 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற சொற்களும் இருந்தால்தான் அங்கே முதல் அச்சு. இது தெரியாமல் நல்ல பிரதிகளைக் கை நழுவ விட்டவர்கள் உண்டு.

மேலுறை என்றதும் மனசு கனக்கிறது. 1925இல் வந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் முதல் அச்சு உறை இல்லாமல் சில ஆயிரம் டாலர் போகும். உறையோடு இருந்தால் லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அந்த உறையின் பின்பக்கத்தில் 'ஜே கேட்ஸ்பி' என்ற கதாநாயகன் பெயரின் முதல் ஆங்கில எழுத்து சின்ன எழுத்தாக (j) விழுந்துவிட்டது. அதை மையால் பெரிய எழுத்தாகத் திருத்தியிருப்பார்கள். ஒரு காகிதத்துக்கு அப்படி ஒரு மதிப்பு.

நாமோ? 1997இல் இருவரும் சேர்ந்து ஆளுக்கொன்றாக வாங்கிய அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நினைவிருக்கிறதா? லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் முன்னால் டெல்லியில் இண்டியாஇங்க் வெளியிட்ட பதிப்பு. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். என் பிரதியின் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பள்ளிப் புத்தகம் மாதிரி பிரவுன் தாளில் அட்டை போட்டேன். பத்திரப்படுத்துவதாக நினைத்துச் செய்த காரியம். உன்னுடையது இன்னும் உறையோடு இருந்தால் தயவு செய்து அப்படியே வை. விலை ஸ்டிக்கரை உரிக்காதே, கிழிசலை டேப் போட்டு ஒட்டாதே.

மாக்கிங்பேர்டின் காப்பிரைட் பக்கம், உறையின் இரண்டு உள்மடிப்பு, பின்னட்டை மூலை — இந்த நாலையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பு. முழங்கால் விஷயத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சுப்பு