பொது மென்பொருளுக்குப் பணம் பிரிக்கும் முன்: சேலம் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு வட்டாரத்துக் கொலுசுப் பட்டறை முதலாளிகளுக்கும் சங்கத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எல்லாப் பட்டறைக்கும் பொதுவாக ஒரு மென்பொருள் செய்யச் சொல்லலாம், செலவை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடலாம் என்று பேச்சு ஓடுகிறது. கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இதற்கு முன் ஒரு பட்டறையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைப் பார்த்திருக்கிறேன். நகைக்கடைக்காகச் செய்தது. பில் அழகாக வரும். ஆனால் நம் வெள்ளி கம்பி இழுக்கிறவரிடம் போகும், சங்கிலி பின்னுகிறவரிடம் போகும், இணைப்புகளைச் சூடாக்கிப் பற்ற வைக்கிற வீட்டுக்குப் போகும், சலங்கை கோக்கிற பெண்களிடம் போகும், கடைசியில் மெருகுக்குப் போய்த் திரும்பும். ஒவ்வொரு கைமாற்றலிலும் எடை உண்டு, சேதாரம் உண்டு, கூலி உண்டு. அதை எழுத அந்த மென்பொருளில் இடமே இல்லை. கேட்டதற்கு, "அதுக்குத் தனியா சார்ஜ் ஆகும் சார்" என்றார்கள். கொஞ்ச நாளில் கணக்கு பழையபடி நோட்டுக்குத் திரும்பிவிட்டது.

செய்து கொடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் தொழில் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களே உட்கார்ந்து செய்துகொள்ள இப்போது வழி இருக்கிறது, கோடிங் ஒரு வரிகூட எழுத வேண்டாம். கூகுள் ஷீட்டில் ஒழுங்கான ஒரு அட்டவணை இருந்தால் ஆப்ஷீட், கிளைட் போன்றவை அதையே போனில் ஓடும் ஆப்பாக மாற்றிவிடும். ஷீட்டில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற மெனுவைத் திறந்தால் ஆப்ஷீட் அங்கேயே இருக்கிறது. அதை அமுக்கினால் நிரப்பும் படிவம், பட்டியல், தேடும் பெட்டி எல்லாம் தானாக வந்துவிடும். முதல் வடிவம் ஒரு சாயங்காலத்து வேலை. கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறக்கும்.

நேரம் பிடிப்பது அட்டவணையை யோசிக்கத்தான். பெரும்பாலான நோட்டுகளில் ஆளுக்கு ஒரு பக்கம், மேலே இருப்பு. சரக்கு வந்ததும் பழைய இருப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறோம். ஆப்பில் இது உதவாது. ஒவ்வொரு கொடுக்கலும் வாங்கலும் தனி வரி: நாள், ஆள், என்ன சரக்கு, எத்தனை டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி), எடை, போக்கா வரவா. இருப்பை யாரும் கையால் எழுதக்கூடாது, அது கூட்டிக் கழித்துத் தானாக வர வேண்டும். தப்பாக ஒரு வரி ஏறிவிட்டால் அழிக்காமல் எதிர் வரி போட்டு நேர் செய்யுங்கள். பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 500 கிராம் கம்பி கொடுக்கிறீர்கள். சங்கிலியாக 484.6 கிராம் வருகிறது, துண்டும் தூளும் 9 கிராம். ஆக 493.6, குறைவு 6.4. நூற்றுக்கு ஒன்று சேதாரம் என்று பேசியிருந்தால் 5 கிராம் கழியும், மீதி 1.4 கிராம் அந்த ஆள் பேரில் பற்று. சரக்கு 80 டச் என்றால் சுத்த வெள்ளியில் அது 1.12 கிராம். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிய காலத்தில் இதைத் தினமும் மனக்கணக்காகப் போட்டுச் சண்டை வராமல் இருக்குமா?

இங்கேதான் ஒரு கண்ணி. எடை நெடுவரிசையில் முதலில் 500, 250 என்று முழு எண்களாக இருந்தால் ஆப்ஷீட் அதை 'நம்பர்' வகை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வகைக்கு முழு எண்தான் தெரியும். 'டெசிமல்' என்று நீங்களே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த 0.6 கிராம் யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆளை அடையாளம் காண்பது. பெயரை மட்டும் நம்பினால் நம் தெருவில் முருகனும் செல்வியும் எத்தனை பேர்! ஷீட்டின் வரிசை எண்ணும் வேண்டாம், நடுவில் ஒரு வரியை நீக்கினால் எல்லாம் இடம் மாறிவிடும். ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு எண் கொடுங்கள். தராசின் எண்ணைப் படம் எடுத்து வரியோடு சேர்க்கவும் வசதி உண்டு. சிக்னல் இல்லாத வீட்டில் எழுதினாலும் அது போனிலேயே இருக்கும், சிக்னல் கிடைத்த பிறகு ஷீட்டில் ஏற்றிவிடலாம்.

ஆப்பை எந்த ஜிமெயிலில் செய்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த அக்கா பையன் தன் சொந்தக் கணக்கில் செய்து வைப்பான். நாளைக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போனால் பட்டறைக் கணக்கும் அவனோடு போகும். பட்டறைக்கென்று தனி ஜிமெயில் வேண்டும், கடவுச்சொல் முதலாளி கையில் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் ஆப்ஷீட் பத்துப் பேர் வரை இலவசம். முறையாக ஓட்டும்போது ஆள் கணக்கில் மாதக் கட்டணம் உண்டு. கம்பெனிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020 ஜனவரியில் ஆப்ஷீட்டை வாங்கிய கூகுள், தன்னிடம் ஏற்கெனவே இருந்த, இதே மாதிரி ஆப் செய்ய உதவும் ஆப் மேக்கரை மூடப்போவதாக அதே மாதம் அறிவித்து 2021 ஜனவரியில் மூடியும் விட்டது. அதனால் கணக்கு எப்போதும் ஷீட்டில் இருக்கட்டும், மாதம் ஒரு நகல் பென்டிரைவில் இருக்கட்டும். ஆப் போனாலும் அட்டவணை நம்மிடம் இருக்கும். ஜிஎஸ்டி பில்லையெல்லாம் இதில் இழுக்க வேண்டாம். அது ஆடிட்டர் சொல்கிற இடத்திலேயே ஓடட்டும்.

இனி, சிலருக்குப் பிடிக்காத விஷயம். இந்தக் கணக்கை வேலை செய்கிறவர்களும் பார்க்க வேண்டும். பற்ற வைக்கிறவரிடமும் சலங்கை கோக்கிறவரிடமும் அவர்கள் பேரில் உள்ள வரிகள் மட்டும், எடையும் சேதாரமும் கூலியும் சேர்த்து, திறக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் கணக்குத் தீர்க்கும்போது "நான் அவ்வளவு வாங்கவே இல்லையே" என்று வருகிற பேச்சில் பாதி, இரண்டு நோட்டு இரண்டு விதமாக இருப்பதால்தான் வருகிறது. சரக்கு கைமாறும்போதே அவர் தன் போனில் 'சரி' என்று தொட்டுவிட்டால் பிறகு என்ன தகராறு? ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பதும் நியாயம். அதற்கு 'செக்யூரிட்டி ஃபில்டர்' என்றே ஒன்று ஆப்ஷீட்டில் இருக்கிறது, அடுத்தவர் வரிகளைப் போனுக்கே அனுப்பாமல் தடுக்கும். திரையில் மறைத்து வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், மறைப்பது வேறு, தடுப்பது வேறு. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு அன்றைய வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொது மென்பொருளுக்குப் பணம் பிரிப்பதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். மூன்று பட்டறைகள் முன்வரட்டும். ஒன்று சிறியதாக, வீட்டோடு நடப்பதாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கட்டடத்தில் ஒரு மேசை ஒதுக்குங்கள், நான் கூலி வாங்காமல் வந்து உட்கார்கிறேன். முதலாளியோடு, அவரிடம் வேலை செய்கிறவர் ஒருவரும் வர வேண்டும், இருவரும் அவரவர் நோட்டை எடுத்துக்கொண்டு. லேப்டாப்பும் இணையமும் என் பொறுப்பு, தராசு உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு எழுதுகிறவன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.