சாய்ந்த நெல்லுக்குத் தீ வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறுப்பு நேரத்து மழையில் சாய்ந்த நெல்லை எங்கள் ஊரில் பலர் அறுக்காமலே விட்டுவிட்டார்கள். அறுப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை, அறுவடை மெஷினும் சேற்றில் இறங்கவில்லை. இப்போது உளுந்து விதைக்கும் அவசரத்தில், பொழுது சாய்ந்தால் வயலுக்கு வயல் புகை. என் மனைவிக்கு இருமல் நிற்கவே இல்லை.

வைக்கோலில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுவதும் நெருப்பில் போய்விடும். அதையே பிறகு யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

நெல் தாளை மண்ணுக்குள் மடக்கி உழுது உடனே விதைப்பதும் சரியில்லை. தாள் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். கோடை நெல் போடுபவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பே தண்ணீர் கட்டி உழுதுவிடலாம். உளுந்துக்கு அந்த அவகாசம் கிடையாது, அதற்குள் ஈரம் ஓடிவிடும்.

நான் செய்தது இது. முதலில் வாத்தும் மாடும் விட்டேன். உதிர்ந்த நெல் கிடந்தால் எலி வரும், உளுந்துக்கு நடுவே நெல்லும் முளைக்கும். பிறகு தாளை அரிவாளால் நறுக்கி, உளுந்தைத் தெளித்து, மேலே மெல்லிசாகப் பரப்பினேன். குவியலாகக் கிடந்த இடத்தில் மட்டும் முளைப்பு இல்லை. அது என் சோம்பேறித்தனம்.

ஐந்து ஏக்கரை அரிவாளால் நறுக்க முடியாது. வைக்கோல் நறுக்கும் மெஷினை ஊருக்கு ஒன்றாவது வாடகைக்கு விட விவசாயத் துறை ஏற்பாடு செய்யவேண்டும், அதுவும் விதைப்புக்கு முன்பே.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பெகு, பர்மா.