அப்பாவுக்காக வந்தவர்களுக்கு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. வந்த எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. அதனால் இந்த மடல்.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று சொல்ல முடியாவிட்டாலும், தெருவுக்கு இரண்டு பேராவது ராணுவத்தில் இருந்தவர்கள். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. 1987 ஆகஸ்டில், இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். 1988 கடைசியில் முல்லைத்தீவுக் காட்டில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். மரப்பெட்டியில் செய்த மிதிவெடி. இரும்பில்லாததால் கருவி காட்டாது, கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தித்தான் தேட வேண்டும் என்பார். அவர் சொன்னதெல்லாம் இந்த அளவுதான். அதற்கு மேல் எங்களிடமோ ஊரிடமோ பேசியதில்லை, ஊரும் கேட்டதில்லை.

கேட்டதே இல்லை என்பதும் சரியில்லை. புனேயில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு ஊர் வந்த புதிதில், முடிவெட்டும் கடையில் ஒருவர் எல்லோர் முன்னாலும் "எத்தனை தமிழனைச் சுட்டே?" என்று கேட்டாராம். அதன்பிறகு அப்பாவுக்கு அம்மாதான் வீட்டில் முடி வெட்டிவிட்டாள். 1990 மார்ச்சில் கடைசிப் படை திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்ற அவருடைய கேள்வி அன்றைக்குத் தமிழ்நாட்டில் பலருடைய கேள்வியும்தான். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து மருத்துவர்களையும் தாதிகளையும் நோயாளிகளையும் சுட்டது இந்தியப் படைதான். அதை நான் மறைத்துவிட்டு அப்பாவுக்காகப் பேசினால் அப்பாவுக்கே பிடிக்காது.

பிறகு 1999 வந்தது. கார்கில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கினோம், நானும்தான். அந்த ஆகஸ்ட் 15 அன்று எங்கள் பள்ளியில் கொடியேற்ற அப்பாவைக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள், கார்கில் வீரர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் பார்த்தேயிராத பனிமலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். கால் எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் சொன்னால்தான் கடந்த ஐந்து மாதத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது புரியும்.

ஆயுள் சான்று கணினியில் ஏறாமல் அப்பாவின் ஓய்வூதியம் இரண்டு மாதம் நின்றபோது, இ-சேவை மையத் தம்பி கைக்கருவியைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். சர்க்கரையால் தேய்ந்துபோன அப்பாவின் விரல் ரேகையை அது ஒருவழியாக ஏற்றுக்கொள்ளும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். காசு வாங்கவில்லை. தம்பி, நன்றி. ஆட்டோ அண்ணன்கள் இருவருக்கும், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும், பெங்களூரிலிருந்து விடிவதற்குள் வந்து சேர்ந்து அப்பாவின் பெட்டிமேல் கொடி போர்த்திய அவருடைய பழைய தோழர்களுக்கும் நன்றி.

கொழும்பில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழிக்கு ஒரு தனி நன்றி. பத்தரமுல்லையில் அமைதிப்படைக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், 2008-இல் திறந்தது. எந்த நாட்டில் அவர்கள் செத்தார்களோ அந்த நாடே எழுப்பியது. உயிர்விட்ட கிட்டத்தட்ட 1,200 பேரின் பெயர் கறுப்புக் கல்லில் வெட்டியிருக்கிறது. அதில் அப்பாவின் பக்கத்துப் படுக்கைத் தோழர் ஒருவர். தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று அந்தப் பெயரைத் தேடிப் படமெடுத்து அனுப்பினாள். போனில் அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார் அப்பா. பிறகு போனைத் திருப்பித் தரவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து, எங்கள் தெருவின் அரசியல் அண்ணனுக்கு. 2009-இல் ஈழத்துக்காக ஊரில் உண்ணாவிரதம் இருந்தவர். அப்பாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார், இருபது வருடமாக எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ரத்தம் வேண்டுமென்று நான் போட்ட செய்தியை யாரோ அவருக்கு அனுப்ப, ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று இளைஞர்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஐயா, அங்க என்னதான் நடந்துச்சு, நீங்க சொல்லுங்க" என்றார்.

அப்பா பேசினார். போய் இறங்கிய நாளில் சனங்கள் மாலை போட்டதை, பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்ததை, செப்டம்பரில் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் பட்டினி கிடந்து இறந்த பிறகு அதே தெருக்களில் ஒருவரும் முகம் பார்க்காததை. அக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் பிரிவில் 30 பேரில் 29 பேர் செத்ததை. அண்ணன் விடவில்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் புலிகளோ தமிழ் மக்களோ கையெழுத்தே போடாதபோது யாருக்காகப் போனீர்கள் என்று கேட்டார். அப்பா சத்தம் போட்டார், அண்ணனும் போட்டார், செவிலியர் வந்து இருவரையும் அதட்டினார். விடியும்வரை ஓயவில்லை. இரண்டு பேரில் யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 35 வருடங்களுக்கும் மேலாக யாரும் அப்பாவோடு அப்படிச் சண்டை போட்டதில்லை. மறுநாள் காலையில் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். அண்ணா, தோள் கொடுத்ததைவிட அந்தச் சண்டைக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் வேலைக்குப் போக வேண்டும், அப்பாவின் வெட்டுக்காலில் புண், தினமும் கழுவிக் கட்ட ஆள் வேண்டும். மேல்மொணவூரில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து அக்கா வந்தார். வந்த நாலாம் நாள் சுவரிலிருந்த சீருடைப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா எங்கட பக்கமோ நிண்டவர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கட்டுப் போட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. நான் போனும் செய்யவில்லை. என்னவென்று கேட்பது?

மூன்றாம் நாள் காலை வாசலில் நின்றார். "புண் நாறிப்போகுமெல்லே, பிள்ளை" என்றார். உள்ளே போய் வெந்நீர் வைத்தார்.

அதற்கப்புறம் ஒரு நாள் அப்பாவே கேட்டார், எந்த ஊரும்மா என்று. கொக்குவில் பக்கம் என்றார். 87-இல் ஷெல் விழுந்து அண்ணன் செத்ததைச் சொன்னார், அவனுக்குப் பத்தொன்பது வயது, சைக்கிளில் தண்ணி எடுக்கப் போனவன். அப்பா நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "மன்னிச்சுடும்மா" என்றார். அக்கா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நீங்கள் தனிய வந்து செய்யேல்லைத்தான் ஐயா. அதுக்காக நடக்கேல்லை எண்டு நான் சொல்லேலாது." காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். அப்பா தூக்கி வைத்தார்.

மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் கடைசி மூன்று மாதத்தில் புண் ஒருநாள்கூட நாறவில்லை.

காரியம் முடிந்த அன்று அவருக்குச் சேர வேண்டியதைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அங்கேயே எண்ணிப் பார்த்து, இரண்டு நாள் கூலியை எடுத்து என் கையில் திருப்பி வைத்தார்.

"அது நான் வராத நாள், பிள்ளை."

அந்தப் பணம் இன்னும் அப்பாவின் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது, அக்கா.