லயன்ஸ் ஜெயித்துவிட்டது, அடுத்து டாம்பா

நோவை, மிச்சிகன்
17-01-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். இங்கே ஜனவரிக் குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஆனால் யாரும் குளிரைப் பற்றிப் பேசக் காணோம். ஆபீஸ், மளிகைக்கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கே போனாலும் நீலச் சட்டைதான், இந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் டெட்ராய்ட் லயன்ஸ் பேச்சுதான். ஒரே ஒரு மேட்ச் ஜெயித்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று போனில் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கபடிக் கோச்சான உங்களுக்குப் பாதி விளக்கம் போதாது.

லயன்ஸ் இதற்கு முன் பிளே ஆஃபில், அதாவது சீசன் முடிந்து வரும் நாக் அவுட் சுற்றில், ஜெயித்தது 1992 ஜனவரி 5-ல், டல்லாஸை 38-6 என்று. அதன் பிறகு பிளே ஆஃபில் ஆடிய ஒன்பது ஆட்டமும் தோல்வி. 2008-ல் சீசனின் 16 ஆட்டத்திலும் தோற்ற டீம் இது. போன ஞாயிறு, ஜனவரி 14, சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை 24-23 என்று முடித்தார்கள். எதிரணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், மேத்யூ ஸ்டாஃபோர்ட். 2009 முதல் 2020 சீசன் வரை டெட்ராய்ட்டுக்கு ஆடியவர். 2021-ல் அவரை ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சில டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார்கள். ஸ்டாஃபோர்ட் மைதானத்துக்குள் வந்ததும் ஊரே ஊளையிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. பன்னிரண்டு சீசன் அடி வாங்கி ஆடிய மனிதர்.

கணக்கைப் பார்த்தால் ஸ்டாஃபோர்ட்தான் ஜெயித்திருக்க வேண்டும். அவர் எறிந்தது 367 யார்டு, காஃப் 277. ராம்ஸின் புதுப்பையன் பூகா நகூவா மட்டும் 181 யார்டு பிடித்தார். ஆனால் கோட்டுக்கு முன்னால் கடைசி 20 யார்டு இருக்கிறதே, ரெட் ஸோன் என்பார்கள், ஆட்டம் அங்கேதான் தீர்ந்தது. டெட்ராய்ட் மூன்று முறை உள்ளே போய் மூன்றிலும் டச் டவுன் எடுத்தது. பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதுதான் டச் டவுன், அதன் பிறகான உதையும் சேர்த்து ஏழு புள்ளி. ராம்ஸும் மூன்று முறை உள்ளே போனார்கள். மூன்றிலும் உதைத்து மூன்று மூன்று புள்ளிதான். அவர்களுடைய இரண்டு டச் டவுனும், 50 யார்டும் 38 யார்டும், தூரத்திலிருந்து வந்தவை.

காரணம் இடநெருக்கடி. நடு மைதானத்தில் டிஃபன்ஸின் பின்வரிசை ஆட்கள், பந்து தங்கள் தலைக்கு மேலே போய்விடுமோ என்று பயந்து பின்னால் நிற்பார்கள். இடையில் ஓட்டை கிடைக்கும். 20 யார்டுக் கோட்டில் அந்தப் பயமே இல்லை. கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனையும் சேர்த்து பின்னால் 30 யார்டுதான், எல்லாரும் முன்னால் நெருங்கிவிடலாம். அங்கே பந்தைத் தூக்கி ஓடத் தெம்புள்ளவன்தான் ஜெயிப்பான். டேவிட் மான்ட்கமரி 1 யார்டு, ஜமீர் கிப்ஸ் 10 யார்டு, இரண்டும் ஓடி எடுத்தது. மூன்றாவது, போன வாரம்தான் முழங்காலில் அடிபட்ட சாம் லபோர்ட்டா பிடித்த 2 யார்டு பாஸ். மிச்சம் மூன்று புள்ளி, 54 யார்டிலிருந்து உதைத்தது.

கடைசியில் பந்து காஃப் கையில். ஒரு புள்ளிதான் முன்னிலை, ஏறக்குறைய இரண்டு நிமிடம் பாக்கி. ஓடி நேரத்தைக் கரைப்பதுதான் வழக்கம். இவர்களோ ஆமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு 11 யார்டு பாஸ் எறிந்தார்கள். அத்தோடு கதை முடிந்தது. இந்த ஆட்டத்தில் அடுத்த பந்தைத் தொடங்க 40 விநாடி அவகாசம் உண்டு. 10 யார்டு முன்னேற நான்கு முயற்சி, முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு. அப்படிக் கிடைத்ததும் பந்தை வாங்கி மண்டி போட்டுக்கொண்டே இருந்தால் போதும். எதிரணியிடம் டைம் அவுட் பெரிதாக இல்லாவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் கரைந்துவிடும். அந்தப் பாஸ் கீழே விழுந்திருந்தால் கடிகாரம் நின்றிருக்கும், ஸ்டாஃபோர்டுக்கு இன்னொரு வாய்ப்புக்கூடக் கிடைத்திருக்கலாம். கோச் டான் கேம்பலின் துணிச்சல் அதுதான்.

அடுத்து டாம்பா பே பக்கனீர்ஸ், வரும் ஞாயிறு, இதே மைதானத்தில். யாரோடு மோதுவது என்பதே திங்கள் இரவு டாம்பா ஃபிலடெல்ஃபியாவை 32-9 என்று அடித்த பிறகுதான் தெரிந்தது. அதனால் வாரமே ஒரு நாள் குறைந்த மாதிரி. பொதுவாக இங்கே திங்கள் வீடியோவும் காயச் சிகிச்சையும். செவ்வாய் வீரர்களுக்கு ஓய்வு, கோச்சுகளுக்குத் தூக்கம் கிடையாது. புதன்கிழமை, நான்கில் முதல் இரண்டு முயற்சிகளுக்கான ஆட்டம், வியாழன் மூன்றாவது முயற்சி, வெள்ளி ரெட் ஸோனும் கடைசி இரண்டு நிமிடமும். சனி நடந்தே ஒரு ஒத்திகை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் யார் முழுதாகப் பயிற்சி செய்தார்கள், யார் பாதி, யார் இல்லை என்று லீகுக்குப் பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும். ஊரே அந்தப் பட்டியலை ராசிபலன் மாதிரி படிக்கிறது.

டாம்பாவோடு அக்டோபர் 15-ல் ஒரு முறை ஆடி 20-6 என்று ஜெயித்திருக்கிறார்கள். அந்த வீடியோவை நம்பி மோசம் போகக்கூடாது. அன்று கிப்ஸ் ஆடவில்லை, மான்ட்கமரியும் அடிபட்டுப் பாதியில் வெளியே போனார். ஓட ஆளில்லாமல் காஃப் 44 முறை எறிந்தார். இந்த முறை இருவரும் இருக்கிறார்கள். ஆனால் எதிரே நடுவில் நிற்கும் வீட்டா வேயா சுமார் 157 கிலோ. அவரை நகர்த்த இரண்டு பேர் வேண்டும்.

எனக்குக் கவலை பிளிட்ஸ் பற்றித்தான். டாம்பா கோச் டாட் போல்ஸ், வழக்கமான நாலு பேரோடு நிறுத்தாமல் ஐந்து, ஆறு பேரைக் குவார்ட்டர்பேக் மேல் ஏவுவதில் பேர் போனவர், அதுதான் பிளிட்ஸ். சில சமயம் ஆறு பேர் முன்னால் நின்று மிரட்டுவார்கள். பந்து கிளம்பியதும் இரண்டு பேர் பின்வாங்கிவிடுவார்கள். காக்க இருப்பது முன்வரிசை ஐந்து பேரும், பக்கத்தில் ஓட்டக்காரர் ஒருவரும். கபடியில் உங்கள் பையன்கள் கார்னரும் கவரும் கைகோத்து நகர்வதுபோல அந்த ஐந்து பேரும் ஒன்றாக நகர வேண்டும். எந்தப் பக்கம் என்று சொல்பவர், நடுவில் இருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டர் ஃப்ராங்க் ராக்னோ. ஓட்டக்காரர் முதலில் நடுவில் வருபவனைப் பார்க்க வேண்டும், பிறகுதான் ஓரத்தை. நடுவில் வருபவனுக்குத்தான் தூரம் குறைவு. ஏழாவது ஆள் வந்தால் தடுக்க ஆளே கிடையாது. அவன் விட்டு வந்த இடத்துக்கு உடனே எறிந்துவிட வேண்டும். எறிபவரும் பிடிப்பவரும் அதை ஒரே கணத்தில் கவனிக்காவிட்டால் பந்து எதிரி கையில்.

சொந்த மைதானம் என்பது இங்கே பெரிய பலம், கூரை போட்ட அரங்கம் வேறு. சத்தத்தில் எதிரணிக்குத் தங்கள் குவார்ட்டர்பேக்கின் குரலே கேட்காது. அதனால் சைகையில் ஆடுவார்கள்: சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் முன்வரிசை ஆளான கார்டு திரும்பிப் பார்ப்பார், குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியதும் சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை நிமிர்த்திவிட்டுப் பந்தைக் கொடுப்பார். டெட்ராய்ட் டிஃபன்ஸின் முன்வரிசையில் நிற்கும் எய்டன் ஹட்சின்சன் பார்ப்பது அந்தத் தலையைத்தான். தாளம் மாறாவிட்டால் இவர் அரை விநாடி முந்திவிடுவார். மாற்றப் போனால் சொந்த ஆளே முன்கூட்டி அசைந்து 5 யார்டு அபராதம்.

ஆனால் நகூவாவுக்கு 181 யார்டு கொடுத்த பின்வரிசை எதிரே இப்போது டாம்பாவின் மைக் எவன்ஸ் வருகிறார். 196 செ.மீ. உயரம், பத்து சீசனாக ஒவ்வொரு சீசனும் 1,000 யார்டுக்கு மேல் பிடித்தவர். ஒற்றை ஆளை வைத்து அவரை நிறுத்த முடியாது. இரண்டு பேரை வைத்தால் இன்னொரு பக்கம் கிறிஸ் காட்வின் காவலில்லாமல் நிற்பார். நம் முன்வரிசை, டாம்பாவின் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டை அவசரப்படுத்தினால்தான் உண்டு. என் கணக்கில் டெட்ராய்ட் ஒரு டச் டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்கும். பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.

ஜெயித்தால் 28-ஆம் தேதி கான்ஃபரன்ஸ் ஃபைனல், அரையிறுதி மாதிரி. சனிக்கிழமை கிரீன் பே, சான் பிரான்சிஸ்கோவைக் கவிழ்த்தால் அதுவும் இங்கேயே நடக்கும், இல்லாவிட்டால் கலிஃபோர்னியா போக வேண்டும். ஞாயிறு ஆட்டம் இங்கே மதியம் 3 மணி. அங்கே திங்கள் அதிகாலை 1.30. முழு ஆட்டமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், அத்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்