கீரைப் பாத்தியில் வெட்டுப்புழு, வேர்ப்புழு

வணக்கம். சிறுகீரை, தண்டுக்கீரை இளஞ்செடி காலையில் தரையோடு அறுந்து கிடந்தால் வெட்டுப்புழு வேலை. பகலில் இலையில் தேடினால் கிடைக்காது. அறுந்த செடியைச் சுற்றி இரண்டு விரற்கடை ஆழம் கிளறுங்கள், சுருண்டு கிடக்கும். பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இருட்டியபின் டார்ச்சோடு போனால் இன்னும் நிறைய அகப்படும்.

அறுபடாமல் வாடினால் வேரைப் பாருங்கள். கடிபட்டிருந்தால் வெள்ளை வேர்ப்புழு. பெரும்பாலும் மட்காத சாணத்தோடு வந்தது. மட்கிய எரு மட்டும் போடுங்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. புழுவைக் கொல்லும் பூஞ்சைத் தூளான மெட்டாரைசியம் 2 கிலோவை 100 கிலோ மட்கிய எருவில் கலந்து, நிழலில் ஒரு வாரம் ஈரமாக வைத்து, மாலையில் தூவி நீர் பாய்ச்சுங்கள். காய்ந்த மண்ணில் அந்தப் பூஞ்சை வேலை செய்யாது.

மண்ணில் தூவும் குருணை ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். 25 நாளில் பறித்துக் குழந்தைகள் சாப்பிடும் கீரை இது.